குழாய் வியர்க்கும்வரை

1

வேர்க்கும். கொஞ்சம் பொறுத்தா வேர்க்கும். தாள்ல என்ன வேணா எழுதிக்கட்டும், வேர்க்காத குழாய நான் நம்பமாட்டேன்.

நெரெய்தா மனதுக்குள் இப்படி நினைத்துக்கொண்டாள் என்று கதையைத் தொடங்கியிருக்கிறேன். அவள் மனதுக்குள் நான் போனதில்லை. அவளுடைய பட்டறைக்குள்தான் போயிருக்கிறேன். அதுவும் என் வீட்டுக் குளிர்பெட்டி கெட்டுப்போனதால். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் உண்மையான பதில் இதுதான்: ஒரு செவ்வாய்க்கிழமை என் வீட்டில் பால் திரிந்தது.

நெரெய்தா வந்தாள், கதவைத் திறந்தாள், மூடினாள், விளிம்பில் விரலை ஓட்டினாள்.

"ரப்பர் போயிருக்கு, வெசினா. கேஸெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

(வெசினா என்றால் பக்கத்து வீட்டுக்காரி. இந்தக் கடற்கரை நகரமான பர்ரான்கீயாவில் பத்தொன்பது வருடமாக என் பெயர் அதுதான். இந்த ஊரில் பழகிய மூன்றாவது நிமிடத்திலேயே எல்லோரும் நீ, வா, போ என்று இறங்கிவிடுவார்கள். ஆகவே மரியாதை விகுதிகளைத் தேடாதீர்கள்.)

"கூலி எவ்வளவு?"

"உனக்குச் சத்தம் போட்டு வாசிக்க வருமா?"

"வரும்."

"அப்போ அதான் கூலி."

மறுநாள் பட்டறையில், கவிழ்த்துப் போட்ட பாட்டில் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு வினாத்தொகுப்பு. குளிரறைகளில் கேஸ் கையாளுபவர்களுக்கான சான்றிதழ்த் தேர்வு, நாற்பது கேள்விகள். நெரெய்தா ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கை சும்மா இருந்தால் அவளுக்குக் காது கேட்காதாம்.

2

இந்தக் கதைக்கு வேறு தொடக்கங்களும் இருந்தன. மறைக்க மனமில்லை.

பர்ரான்கீயாவில் மழை பெய்தால் தெருவே ஆறாகிவிடும். அப்படியொரு மாலையில், முழங்கால்வரை நனைந்த ஒரு பெண், சிலிண்டரைத் தோளில் —

விட்டுவிட்டேன். அன்றைக்கு மழையே இல்லை. மழையைக் கொண்டுவந்தால் கதைக்கு ஏதோ ஆழம் வந்துவிட்ட மாதிரி எனக்கே ஒரு மயக்கம்.

ஆண்கள் மட்டுமே செய்துவந்த ஒரு தொழிலில், தன்னந்தனியாக —

இதை நெரெய்தாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் மோட்டாரிலிருந்து தலையைத் தூக்காமல், "எந்த ஆம்பள? இந்த எதிலா?" என்றாள்.

அதோடு அதுவும் போயிற்று.

3

எதில் யாரென்று சொல்லவேண்டும். முழுப்பெயர் எதில்பெர்தோ. நெரெய்தாவின் அக்கா கணவன். தமிழில் அவன் பெயர் ஒரு கேள்விபோல ஒலிக்கிறது. எதில் என்று கேட்டால், எல்லாவற்றிலும் என்பதே பதில். எல்லாவற்றிலும் தலையிடுவான். நெரெய்தாவின் பட்டறையில் ஒன்பது வருடமாக அவளுக்கு உதவியாள். குளிரறைக்குள் அவள் குனிந்து வேலை பார்க்கும்போது டார்ச் பிடிப்பது அவன்தான். டார்ச்சை எங்கே காட்டவேண்டுமோ அங்கே காட்டமாட்டான். பேசும்போது கையை ஆட்டுவதால் வெளிச்சமும் கூடவே ஆடும்.

அந்த எதில் முதல் தடவையிலேயே தேர்ச்சி பெற்றுவிட்டான்.

நெரெய்தா இரண்டு தடவை எழுதினாள். தேர்ச்சிக்கு நாற்பதுக்கு முப்பத்திரண்டு வேண்டும். அவள் முதல் தடவை வாங்கியது முப்பத்தொன்று. இரண்டாம் தடவையும் முப்பத்தொன்று. மூன்றாம் தடவையும் தவறினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இதற்குள் புது விதி வந்துவிட்டது: அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து சான்றிதழ் அட்டை இல்லாதவர்கள் சிலிண்டர் வாங்க முடியாது, குளிரறையில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டக் கூடாது.

அதாவது அவளுடைய பட்டறையில், அவளுடைய வாடிக்கையாளர்களிடத்தில், எதில் கேஜ் மாட்டுவான். நெரெய்தா டார்ச் பிடிப்பாள்.

"கவலைப்படாத கொழுந்தியா," என்றான் எதில். "நான் நல்ல முதலாளியாத்தான் இருப்பேன். மதியச் சாப்பாட்டுக்கு முழுசா ஒரு மணி நேரம் விடுவேன்."

"டார்ச்ச எங்க பிடிக்கணும்னு எனக்குத் தெரியும் மச்சான். வாயத் திறந்து வச்சுக்க, அங்கயே பிடிக்கிறேன்."

சிரித்தாள். ஆனால் கையிலிருந்த திருகாணியைச் சேரவேண்டிய டப்பாவில் போடாமல் வேறொன்றில் போட்டாள். அவள் அப்படிச் செய்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

4

எல்லாம் முப்பத்தொன்றாம் கேள்வியில் வந்து நிற்கிறது.*

* முப்பத்தொன்று மதிப்பெண், முப்பத்தொன்றாம் கேள்வி. இந்தப் பொருத்தத்தை நான்தான் செய்தேன் என்று சந்தேகப்படுவீர்கள். ஆம், நான்தான். தாளில் அது இருபத்தேழாம் கேள்வி. இனி முப்பத்தொன்றாகவே இருக்கட்டும்.

"குளிரறையில் கேஸ் சரியான அளவுக்கு நிரம்பியதை எப்படி உறுதிசெய்வீர்கள்?" என்று வாசித்தேன். "அ: தயாரிப்பாளர் தகட்டில் குறித்துள்ள எடையைத் தராசில் அளந்து. ஆ: கம்ப்ரசரின் சத்தத்தை வைத்து. இ: கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாய் வியர்ப்பதை வைத்து. ஈ: வாடிக்கையாளரிடம் கேட்டு."

(ஈ என்னுடைய சரக்கு. மன்னிக்கவும்.)

"இ," என்றாள் நெரெய்தா.

"பின்பக்கத்துல விடை அ-ன்னு போட்டிருக்கு."

"போட்டிருக்கட்டும்."

"கொழுந்தியா, நான் சொல்றதக் கேளு," என்று எதில் நடுவில் புகுந்தான். "உள்ள போயி அ-ன்னு குறி. வெளிய வந்து வேர்க்கிற வரைக்கும் கேஸ ஏத்து. எவன் கேக்கப்போறான்? நான் அப்படித்தான் பாஸானேன்."

"நீ கல்யாணமே அப்படித்தானே பண்ணுன மச்சான். பாதிரியார் கேட்டதுக்கெல்லாம் ஆமா ஆமான்னு தலைய ஆட்டிட்டு."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வெசினா, இந்தக் கேள்விய எழுதுனவன் கச்சாக்கோ. எழுதி வச்சுக்க." (மலைமேல் இருக்கும் தலைநகரத்துக்காரர்களுக்குக் கடற்கரை வைத்திருக்கும் பெயர் அது. திட்டா, செல்லமா என்பது சொல்லும் வாயைப் பொறுத்தது.) "அங்க மனுசனுக்கே வேர்க்காது. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத் தூங்குற ஆளுங்க. குழாய் எங்க வேர்க்கும்? அவனுக்குத் தராசு வேணும், பாவம். இங்க டம்ளர் வேர்க்குது, சுவர் வேர்க்குது, கோயில்ல மாதா சிலையே வேர்க்குது. குழாய் மட்டும் பொய் சொல்லுமா?"

பட்டறையில் தராசு இல்லாமல் இல்லை. புதிய விதிக்காக வாங்கிய எண் காட்டும் தராசு, மூலையில் தரையோடு தட்டையாகக் கிடந்தது. அதன்மேல் எதில் தன் காபிக் குடுவையை வைத்திருந்தான். குடுவையின் எடை மட்டும் எப்போதும் துல்லியமாகத் தெரிந்துகொண்டிருந்தது.

5

இங்கே நான் என் கதாபாத்திரத்தைச் சந்தேகிக்கத் தொடங்கினேன்.

பிடிவாதக்காரி என்று எழுதிவிட்டுப் போவது எளிது. கையால் கற்றவள், தாளை நம்பாதவள். வாசகருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது, பிடித்ததாலேயே நம்ப முடியவில்லை. ஏனென்றால் மற்றக் கேள்விகளில் அவள் இப்படி இல்லை. பன்னிரண்டாம் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கேஸை எடுத்துச் சேமிக்கும் சிலிண்டரை எவ்வளவு நிரப்பலாம்? முழுதாக என்பாள் முதலில். எண்பது சதவீதம்தான், வெயிலில் உள்ளே விரிந்தால் வெடித்துவிடும் என்று விளக்கத்தை வாசித்தேன். ஒரு கணம் யோசித்து, "ஆமா, அது சரிதான்," என்றாள். மறுநாளும் முழுதாக என்றாள், தலையில் தட்டிக்கொண்டாள், எண்பது என்று திருத்தினாள். மறப்பாள், திருத்துவாள். அவளுக்குத் தாளோடு சண்டை ஒன்றுமில்லை.

முப்பத்தொன்றை மட்டும் அவள் மறப்பதில்லை. சரியான விடை எதுவென்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே இரண்டு தடவை தவறானதைக் குறித்துவிட்டு வந்திருக்கிறாள்.

இன்னொன்றையும் பார்த்தேன். அந்தக் கேள்வியை வாசிக்கும்போதெல்லாம் அவள் வலதுகையைக் காற்சட்டையில் துடைத்துக்கொள்வாள். கையில் எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

தெரியாத இடத்தில் எழுதுகிறவர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். ஒரு காரணத்தைக் கற்பனை செய்தேன்.

6

(கற்பனைப் பகுதி. பின்னால் அடிக்கப்படலாம்.)

ஐந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு கேக் கடை. வாசலில் வெயில் கொதிக்கும். கதவைத் தள்ளி உள்ளே போனால் ஏசி எலும்பைத் தொடும். கிரீம் உருகக்கூடாது என்பதால் கடை முழுவதும் அந்தக் குளிர். நெரெய்தா அங்கே கண்ணாடி அலமாரிக்குக் கேஸ் ஏற்றப் போகிறாள். ஓட்டையை அடைத்தாயிற்று, கேஜ் மாட்டியாயிற்று. திரும்பும் குழாயில் கை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

குழாய் வியர்க்கவில்லை.

இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறாள். குழாய் சில்லென்று இருக்கிறது, ஆனால் உலர்ந்திருக்கிறது. கேஜில் முள் ஏறுகிறது. முள்ளைப் பார்க்கிறாள், குழாயைப் பார்க்கிறாள். இரண்டில் ஒன்றைத்தான் நம்ப முடியும். பதினேழு வருடமாக நம்பியதையே அன்றும் நம்புகிறாள். வேர்க்கும். கொஞ்சம் பொறுத்தா வேர்க்கும். இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறாள்.

அந்தக் கடையின் காற்றில் ஈரமே இல்லை. ஏசி அதை உறிஞ்சிவிட்டிருந்தது. கேஸ் எப்போதோ நிறைந்துவிட்டது. குழாய் எந்தக் காலத்திலும் வியர்த்திருக்காது.

இரண்டாவது நாள் கம்ப்ரசர் உடைந்தது. கடைக்கார அம்மாள் போன் செய்தாள். நெரெய்தா வந்து பார்த்தாள், கை வைத்தவுடன் புரிந்துகொண்டாள். அம்மாள் தானாகவே, "கரண்டு ஏறி இறங்குனதாலதானே?" என்று கேட்டாள்.

அவள் —

அவள் என்ன சொன்னாள் என்பதை எழுதாமல் விட்டேன். தலையாட்டுவதற்கு ஒரு கணம் போதும். அதற்குப் பிறகு ஐந்து வருடம், தலையாட்டியது சரிதான் என்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் பொய் சொல்லாது என்று எல்லோரிடமும் சொல்ல வேண்டும். ஒரு தாளில், யாரும் பார்க்காத ஒரு கட்டத்தில், அ என்று குறித்துவிட்டால் போயிற்று. அன்றைய தப்பு யாருடையது என்று குறிக்கிறவளுக்குத் தெரிந்துவிடுமே.

7

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, நன்றாக எழுதிவிட்டோம் என்ற கர்வம்தான் இருந்தது.

எதில் முட்டை அரெப்பா, அதாவது முட்டை வைத்துப் பொரித்த சோள அடை, வாங்கப் போயிருந்தான். பட்டறையில் நாங்கள் இருவர் மட்டும். மின்விசிறி கழுத்தைத் திருப்பித் திருப்பி இருவருக்கும் காற்றைப் பங்கிட்டுக்கொண்டிருந்தது. நான் வாசித்து முடித்தேன். அவள் செம்புக் குழாய் ஒன்றை வளைத்துக்கொண்டிருந்தாள், வளைத்து முடித்தாள். கோணம் சரியா என்று கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"கேக் கடை இல்ல," என்றாள்.

நான் தாள்களை மடித்தேன்.

"பூக்கடை."

அடுத்த குழாயை எடுத்தாள்.

மே மாதமா என்று கேட்க நினைத்தேன். அன்னையர் தின வாரமா, உள்ளே எத்தனை கட்டு ரோஜா இருந்தது, கச்சாக்கோ ஊரிலிருந்து விமானத்தில் வந்த பூக்களா, எல்லாம் தலை தொங்கிவிட்டனவா? இத்தனை கேள்வியும் என் தொண்டைவரை வந்தன. எழுதுகிறவளுக்கு வரும் பசி அது. அந்த நேரத்தில் எதில் உள்ளே வந்து, "என்ன, எவனாவது செத்துட்டானா?" என்றான்.

"உன் அரெப்பா ஆறிப்போச்சு. அதுக்குத்தான் துக்கம்," என்றாள் நெரெய்தா.

கேக் கடையைப் பூக்கடையாக மாற்றலாமா என்று அன்று முழுக்க யோசித்தேன். மாற்றவில்லை. கேக் கடை என்னுடையது. பூக்கடை அவளுடையது.

8

தேர்வு நாள். மையத்துக்கு எதிரே ஒரு மாமரத்தடியில் நானும் எதிலும் காத்திருந்தோம். அவன் எலுமிச்சை பிழிந்த புதிபார்ரா இறைச்சி உருண்டைகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"அ-ன்னு குறிச்சிருப்பாளா, எதில்?"

"குறிச்சிருக்கணும். அவ டார்ச் பிடிச்சு நான் வேலை பாக்குறதா? எனக்குக் கை நடுங்கும் வெசினா. அவ பின்னால நின்னு மூச்சு விட்டாலே எனக்குத் தப்பாயிடும்."

அவனும் பயந்திருந்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முதலாளியாவதை அவன் ஒரு நாளும் விரும்பியதில்லை.

காத்திருந்த நேரத்தில் மூன்று முடிவுகளை எழுதினேன்.

முதல் முடிவு: அவள் அ என்று குறிக்கிறாள். வெளியே வந்து நேராகப் பூக்கடைக்குப் போகிறாள். கடைக்கார அம்மாள் கதவைத் திறக்கிறாள் —

(அழுகை வரும் முடிவு. எனக்கு வந்தது. அதனால் அடித்தேன்.)

இரண்டாம் முடிவு: இ என்று குறிக்கிறாள், தவறுகிறாள், அடுத்த மாதம் முதல் டார்ச் பிடிக்கிறாள். ஒவ்வொரு வேலையிலும் வெளிச்சத்தை மிகச் சரியான இடத்தில் காட்டுகிறாள். அந்த வெளிச்சத்தில் எதிலின் கை —

(இது எதிலுக்குச் செய்யும் அநியாயம்.)

மூன்றாம் முடிவு: எதையும் குறிக்காமல், ஓரத்தில் எழுதுகிறாள்: "எந்த ஊரில்? எந்த அறையில்?" திருத்துகிறவர் மலையில், ஸ்வெட்டரோடு, அதை வாசித்துவிட்டு நெடுநேரம் ஜன்னலைப் பார்க்கிறார்.

(இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அந்தத் தாளைக் கணினி திருத்துகிறது. கணினிக்கு ஜன்னல் கிடையாது.)

நெரெய்தா வெளியே வந்தாள். எதில் கடைசி உருண்டையை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "எலுமிச்சை பத்தல," என்றாள்.

9

பதினோரு நாள் கழித்துப் பட்டியல் வந்தது. அவள் பெயருக்கு நேரே: முப்பத்திரண்டு.

எதில் பட்டறை வாசலில் ஆடினான். பக்கத்துப் பல் மருத்துவரின் நோயாளிகள் வாயைத் திறந்தபடியே எட்டிப் பார்த்தார்கள். நான் மட்டும் ஒரு ஓரமாக நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முன்பு தவறிய ஒன்பதில் ஒன்றே ஒன்று சரியாகியிருக்கிறது. எந்த ஒன்று? பன்னிரண்டா? எண்பது சதவீதம் என்பது கடைசி நிமிடத்தில் அவளுக்கு நினைவுக்கு வந்திருக்கலாம். இல்லை, முப்பத்தொன்றா? பட்டியலில் எண் மட்டும்தான் இருந்தது.

(இங்கேயே நிறுத்தியிருக்கலாம். விடை தெரியாமல் நிறுத்துவதை என் தொழிலில் நுட்பம் என்பார்கள். ஆனால் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.)

அட்டை கையில் வந்தபின் அவளுடைய முதல் வேலை சந்தையில், ஒரு மீன் கடையின் குளிரறை. நானும் போனேன். கதைக்கு வேண்டும் என்றேன். "மீன் நாத்தம் கதைக்கு ஒத்துவருமா?" என்று கேட்டுவிட்டு, வண்டியின் பின்னால் எனக்கு இடம் ஒதுக்கினாள்.

எதில் டார்ச்சை ஆட்டி ஆட்டிப் பிடித்தான். நெரெய்தா கேஜ் மாட்டினாள். வண்டியிலிருந்து தராசை இறக்கி, சிலிண்டரை அதன்மேல் வைத்தாள். தராசின்மேல் காபிக் குடுவை இல்லை. அதன் அடிப்பாகம் விட்ட வட்டக் கறை மட்டும் இருந்தது. எடுத்தது யாரென்று கேட்டேன். எதில் அவளைப் பார்த்தான், அவள் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விதி அப்படித்தான் சொல்கிறது, தராசை அதற்காகவும் இறக்கியிருக்கலாம்.

இடதுகை வால்வில். வலதுகை திரும்பும் குழாயில்.

எண் மெல்லக் குறைந்தது. மீன் கடையின் வெளிப்புறச் சுவரில் ஆற்றுப்பக்கத்துக் காற்று ஈரமாக வந்து மோதியது. தகட்டில் எழுதியிருந்த எடை முழுதும் உள்ளே போன அதே சமயத்தில், அவள் விரல்களுக்கு இடையே குழாய் பொடிப்பொடியாக வியர்த்தது. அவள் வால்வை மூடினாள். எதைக் கண்டு மூடினாள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் ஒன்றாக நடந்துவிட்டன.

எதில் கருவிகளை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனான். நாங்கள் இருவர் மட்டும் நின்றோம்.

"நெரெய்தா. முப்பத்தொண்ணுக்கு என்ன குறிச்ச?"

அவள் சிலிண்டரின் மூடியை முடுக்கினாள். ஈரமான வலதுகையை ஒருமுறை பார்த்தாள். இந்தமுறை அதைக் காற்சட்டையில் துடைக்கவில்லை.

"கதையில என்ன வேணா போட்டுக்க, வெசினா," என்றாள். குரலில் கோபமில்லை. "என்கிட்ட கேக்காத."

தராசைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். பிறகு வண்டியை நோக்கி நடந்தாள்.